கேரட் லோடு இறக்கும் பிக்கப்: எந்த அளவு டயர், எவ்வளவு காற்று?

கேள்வி இதுதான். நீலகிரியில் ஊட்டியை அடுத்த நஞ்சநாடு பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப். இப்போது ஓடுவது 215/75 ஆர் 15 டயர்; நான்கும் தேய்ந்துவிட்டன. 235/75 ஆர் 15 போட்டால் வண்டி உயரும், பிடிப்பும் கூடும் என்று ஒருவர் சொல்கிறார். 16 இஞ்ச் அலாய் வீல் மாட்டிவிடு என்று இன்னொருவர். காற்று விஷயத்தில் ஒரு கடையில் சுற்றிலும் 65 பி.எஸ்.ஐ. என்கிறார்கள், இன்னொரு கடையில் மழைக்காலத்துக்கு 35 போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அளவை மாற்றாதீர்கள். அதே 215/75 ஆர் 15, ஆனால் கார் வகை டயர் வேண்டாம், எல்.டி. (லைட் டிரக்) வகையில், டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோடு இன்டெக்ஸ் எண் 106க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். காற்று 65ம் இல்லை, 35ம் இல்லை. லோடோடு இறங்கும்போது ஒரு அளவு, காலியாக ஏறும்போது இன்னொரு அளவு. முன்னுக்கு வேறு, பின்னுக்கு வேறு. அந்த அளவை உங்கள் வண்டியின் எடைதான் சொல்லும், கடைக்காரர் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கீழே கணக்கோடு எழுதியிருக்கிறேன்.

முதலில் அளவு. 215/75 ஆர் 15 என்பதில் 215 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 ரிம்மின் விட்டம், இஞ்சில். 215ல் 75 சதவீதம் 161.25 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு பங்கு 322.5. பதினைந்து இஞ்ச் 381 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 703.5 மி.மீ. இதே கணக்கை 235/75 ஆர் 15க்குப் போட்டால் 733.5 வரும். வித்தியாசம் 30 மி.மீ., அதாவது 4.3 சதவீதம். 16 இஞ்ச் ரிம்மில் 215/75 போட்டால் 729 மி.மீ.; 3.6 சதவீதம் கூடுதல்.

விட்டம் 30 மி.மீ. கூடினால் வண்டி உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. ஒரு விரல் தடிமன்கூட இல்லை. தோட்டத்துப் பாதையில் நடுமேடு இடிக்கிற வண்டிக்கு அந்த 15 மி.மீ. பெரிய விடுதலை தராது. ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை முழுவதும் இறக்கத்தில் போகும்.

இதைத்தான் மலைக்கு வெளியே இருக்கிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. சமவெளியில் ஓடும் வண்டிக்கு டயர் கொஞ்சம் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது வண்டி 41.7ல் போகும், அவ்வளவுதான். நீலகிரியில் கதை வேறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 325. ஏறக்குறைய 1,900 மீட்டரை 50 கிலோமீட்டர் தூரத்தில் இறங்குகிறீர்கள். வண்டியும் லோடும் சேர்ந்து 2,700 கிலோ என்றால், இந்த இறக்கத்தில் கழிக்க வேண்டிய ஆற்றல் சுமார் 50 மெகாஜூல். 150 லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. அந்தச் சூட்டை என்ஜின் எவ்வளவு வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவு நல்லது. மிச்சம் பிரேக் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் போகிறது, அங்கிருந்து ரிம்முக்கும் டயருக்கும் போகிறது.

டயர் 4.3 சதவீதம் பெரிதானால், அதே வேகத்தில் என்ஜின் 4 சதவீதம் மெதுவாகச் சுற்றும். செகண்ட் கியரில் என்ஜின் இழுத்துப் பிடிக்கும் பலம் குறையும். சக்கரத்தின் ஆரம் கூடுவதால், அதே அளவு நிறுத்துவதற்குப் பிரேக்கும் 4.3 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். இரண்டு பக்கமும் இழப்பு. காட்டேரி தாண்டும்போது தெரியாது. பர்லியாறு நெருங்கும்போது பிரேக் வாசனை வழக்கத்தைவிட முன்னாலேயே வர ஆரம்பிக்கும். கல்லட்டி 36 வளைவில் இறங்குகிற வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். ஏற்றத்திலும் அப்படியே: கொண்டை ஊசி வளைவில் நின்று எடுக்கும்போது பர்ஸ்ட் கியரின் இழுவை 4 சதவீதம் குறைந்திருக்கும். அந்தக் குறையை டிரைவர் கிளட்சைத் தேய்த்துத்தான் ஈடுகட்டுவார்.

ரிம் அகலமும் இதில் தடை. 215/75 ஆர் 15 டயருக்கு 5.5 முதல் 7 இஞ்ச் அகலமுள்ள ரிம் பொருந்தும். 235/75 ஆர் 15க்குக் குறைந்தது 6 இஞ்ச் வேண்டும். உங்கள் வீல் டிஸ்க்கில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள்: 5½ஜே என்று இருந்தால் 235 அதில் உட்காரவே கூடாது. உட்கார வைத்துக் காற்றடித்தால் டயர் நடுவில் உப்பி, ஓரம் தரையைத் தொடாமல், நடுப்பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) மட்டும் தேயும். வளைவில் பக்கச்சுவர் மடங்கி வண்டி மிதப்பது போலிருக்கும். 6ஜே இருந்தாலும் ஒரு சோதனை செய்யாமல் 235 போடக் கூடாது. லோடு ஏற்றிய நிலையில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். டயர் மட்கார்டிலோ, சேசிஸிலோ, ஸ்பிரிங் பட்டையிலோ எங்கும் உரசக் கூடாது. காலி வண்டியில் உரசாமல் இருந்து, லோடில் கொண்டை ஊசி வளைவில் முழு ஒடிப்பில் உரசும் வண்டிகள் நிறைய.

16 இஞ்ச் அலாய் பற்றி என் கருத்து கண்டிப்பானது: லோடு வண்டிக்கு வேண்டாம். கடையில் அழகாக வைத்திருக்கும் அலாய்களில் பெரும்பாலானவை காருக்குச் செய்தவை. வீலின் பின்பக்கம் அது தாங்கும் எடை கிலோவில் அச்சாகியிருக்கும். 600, 690 என்று இருந்தால் உங்கள் பின் சக்கரத்துக்கு அது போதவே போதாது. ஜே.டபிள்யூ.எல். என்ற குறி கார் வீலுக்கு; லாரி, பஸ் வீலுக்கான குறி ஜே.டபிள்யூ.எல்.-டி. அடுத்தது ஆப்செட், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்பது. வீல் முகம் 20 மி.மீ. வெளியே தள்ளி நின்றால் வீல் பேரிங் மேல் விழும் நெம்பு கூடும். குழியில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையை உதறும். நட்டும் பொருந்த வேண்டும்: இரும்பு டிஸ்க்கின் நட்டை அலாயில் போட்டு முறுக்கினால் நட்டு சரியாக உட்காராமல் சில நாளில் தளரும். இரும்பு டிஸ்க் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். மலைப்பாதைக் குழியில் அலாய் விரிசல் விடலாம்.

உங்கள் பிக்கப்பின் இன்னொரு வகையில் கம்பெனியே 16 இஞ்ச் கொடுத்திருந்தால், அந்த வீல், அந்த டயர் அளவு, அந்த ஆப்செட் அப்படியே போட்டால் தொழில்நுட்பத்தில் குறையில்லை. ஆனால் அந்த வகைக்குப் பின் ஆக்சிலின் கிரவுன்-பினியன் பல் விகிதமும் வேறாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். வீலை மட்டும் எடுத்து வந்தால் மேலே சொன்ன கியர் குறை வந்தே தீரும். சட்டமும் பக்கத்தில் நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கம்பெனி விவரக்குறிப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எப்.சி.க்குப் போகும்போதும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இது கேள்வியாக வரும்.

சரி, அளவு அதேதான். அந்த அளவுக்குள் எந்த டயர் என்பதில்தான் உங்கள் பணம் சரியான இடத்தில் போக வேண்டும்.

ஒரே 215/75 ஆர் 15 என்ற எண்ணில் இரண்டு வேறு டயர்கள் கடையில் கிடைக்கும். ஒன்று கார், ஜீப் வகை. எண்ணுக்குப் பின்னால் 100எஸ் என்று இருக்கும். 100 என்ற லோடு இன்டெக்ஸுக்கு ஒரு டயர் 800 கிலோ தாங்கும். ஆனால் கார் வகை டயரைச் சரக்கு வண்டியில் போட்டால் அந்த எடையை 1.1ஆல் வகுக்க வேண்டும் என்பது டயர் தொழிலில் உள்ள விதி. 800 என்பது 727 ஆகிவிடும். இன்னொன்று எல்.டி. வகை, 8 பி.ஆர். (டயரின் பலத்தைக் குறிக்கும் பிளை ரேட்டிங்); 106/103 போல இரண்டு எண் போட்டிருக்கும். முதல் எண் ஒற்றை டயராக ஓடும்போது, இரண்டாவது எண் லாரிபோல ஜோடியாக ஓடும்போது. 106 என்றால் 950 கிலோ. அதற்கு மேலே 107க்கு 975, 108க்கு 1,000, 110க்கு 1,060, 112க்கு 1,120.

இங்கே ஒரு வேடிக்கையான உண்மை தெரியும். அகலமான 235/75 ஆர் 15 கார் வகையில் 105 இன்டெக்ஸ் வரும், 925 கிலோ. 1.1ஆல் வகுத்தால் 841. ஆக, பார்க்கப் பெரிதாக இருக்கும் 235 கார் டயரைவிட, உங்கள் பழைய அளவிலேயே வரும் 8 பி.ஆர். எல்.டி. டயர் 100 கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தாங்குகிறது. பெரிய டயர் பலமான டயர் என்று கண்ணை நம்பி வாங்கக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள எண்ணைப் படித்து வாங்க வேண்டும்.

எண்ணைப் படிக்கும்போதே இன்னும் இரண்டைப் பாருங்கள். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இரண்டு வருடம் கிடங்கில் கிடந்த டயரைத் தள்ளுபடியில் கொடுத்தால் வாங்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் ஐ.எஸ். 15636 என்று இருந்தால் அது சரக்கு வண்டி டயருக்கான தரம். 15633 என்று இருந்தால் கார் டயருக்கானது. எல்.டி. என்று வாய்வார்த்தையில் சொல்லிக் கொடுத்தாலும் இந்த எண் பொய் சொல்லாது.

பட்டன் விஷயத்தில், நான்கிலும் ஒரே பட்டன் போடுவதே என் விருப்பம். தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவான ஏ.டி. வகை போதும். முழு மண் டயர் ஈரத் தார் ரோட்டில் வழுக்கும்; உங்கள் வண்டி தோட்டத்தில் ஓடுவது சில நூறு மீட்டர், தாரில் ஓடுவது ஐம்பது கிலோமீட்டர். ரேடியல் டயரையும் நைலான் டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்கவே கூடாது. இரண்டு ஜோடியும் கலந்துதான் ஓட்ட வேண்டிய நிலை வந்தால் ரேடியல் பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. முன்னால் ரேடியல் நன்றாகப் பிடித்து, பின்னால் நைலான் பிடிக்காமல் போனால் வளைவில் வண்டியின் வால் திரும்பும். ரீபட்டன் டயரை முன்னால் போடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையே இருக்கக் கூடாது.

தேய்மானத்துக்குச் சட்டத்தின் எல்லை 1.6 மி.மீ. பட்டன் ஆழம். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடு அந்த ஆழத்தைக் காட்டும். மலையில் அதுவரை ஓட்டாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், நடுவட்டம் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் ரோடு நாள்கணக்கில் காய்வதில்லை. 3 மி.மீ. வந்ததும் முன் ஜோடியை மாற்றிவிடுங்கள்.

இனி காற்று. இதை எடை மேடையில் தொடங்க வேண்டும். காலி வண்டியில் டிரைவரோடு, டீசல் நிரப்பி, முன் சக்கரங்கள் மட்டும் மேடை மேல் நிற்கும்படி ஒரு எடை. வண்டி முழுதும் ஏற்றி இன்னொரு எடை. கழித்தால் பின் ஆக்சில் எடை கிடைக்கும். பிறகு வழக்கமாக ஏற்றும் லோடோடு அதையே செய்யுங்கள். மொத்தம் நான்கு சீட்டு. இதற்கு ஆகும் செலவு ஒரு பஞ்சர் ஒட்டும் காசுதான் இருக்கும். ஆர்.சி.யில் உள்ள கிராஸ் வெயிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைத் தாண்டியிருந்தால் எந்தக் காற்று அளவும் உங்களைக் காப்பாற்றாது, மூட்டையைக் குறைப்பதுதான் வழி.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். காலியில் மொத்தம் 1,620 கிலோ: முன் 920, பின் 700. லோடோடு மொத்தம் 2,700: முன் 1,060, பின் 1,640. லோடில் பெரும்பங்கு பின்னால் போயிருப்பதைக் கவனியுங்கள். பின் டயர் ஒவ்வொன்றுக்கும் 820 கிலோ. நீங்கள் வாங்கிய டயரின் பக்கச்சுவரில் 950 கிலோ, 65 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 65 என்பது இந்த டயர் 950 கிலோவைச் சுமக்கத் தேவையான காற்று. எல்லா வண்டிக்கும் அடிக்க வேண்டிய காற்று என்று அதற்குப் பொருள் இல்லை. சுற்றிலும் 65 என்று சொன்ன கடை இந்த எண்ணைத்தான் படித்திருக்கிறது. 820ஐ 950ஆல் வகுத்து 65ஆல் பெருக்கினால் 56. பின் டயருக்கு லோடில் 56 பி.எஸ்.ஐ. டயர் கம்பெனிகளின் அட்டவணையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும்; நேர்விகிதக் கணக்கு பாதுகாப்பான பக்கம் நிற்கிறது, அதனால் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

முன் டயர் ஒவ்வொன்றுக்கும் 530 கிலோ; கணக்கு 36 பி.எஸ்.ஐ. என்கிறது. இது சமதளத்தில் நிற்கும் வண்டிக்கு. 8 சதவீத இறக்கத்தில், வீல்பேஸ் சுமார் 3 மீட்டர், எடையின் மையம் 90 செ.மீ. உயரத்தில் உள்ள வண்டியில், 65 கிலோ அளவுக்கு முன்னால் சாய்கிறது. வளைவுக்கு முன் ஓரளவு அழுத்திப் பிரேக் பிடித்தால் இன்னும் 240 கிலோ முன்னால் வருகிறது. அந்த நேரத்தில் முன் ஆக்சில் 1,060 அல்ல, 1,360ஐ நெருங்கிச் சுமக்கிறது. அதே கணத்தில் ஸ்டீயரிங்கும் ஒடிகிறது, வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் இன்னும் கூடுகிறது. 36ல் இருக்கும் முன் டயர் அப்போது தோள் மடிந்து ஓடும். கொண்டை ஊசி வண்டிகளில் முன் டயரின் வெளி ஓரம் மட்டும் ரம்பம் போல் தேய்ந்திருப்பதற்குப் பாதிக் காரணம் இது. அதனால் முன்னுக்குக் கணக்கோடு 4 கூட்டி 40 வையுங்கள். பின்னால் மூட்டை ஏற்றுவதால் பின்னுக்கு மட்டும் காற்று கூட்டினால் போதும் என்ற பழக்கம் சமவெளிக்குச் சரி, இறக்கத்துக்குச் சரியில்லை.

காலியில் பின் டயருக்கு 350 கிலோதான். கணக்கு 24 என்று காட்டும், அதை ஏற்கக் கூடாது, எல்.டி. டயரை 35க்குக் கீழே தாரில் ஓட்ட வேண்டாம். நான் சொல்லும் அளவு முன் 36, பின் 40. 56லேயே காலியாக ஏறினால் என்ன ஆகும்? ஸ்பிரிங் பட்டை அமுங்காது, டயரும் அமுங்காது, பின்பக்கம் குழிக்குக் குழி குதிக்கும். ஈர ரோட்டில் பிரேக் தொட்டதும் பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். மழைக்கு 35 என்று சொன்னவர் இந்தப் பயத்தில்தான் சொல்லியிருப்பார். காலி வண்டிக்கு அவர் சொன்னது ஏறக்குறைய சரி. லோடு வண்டிக்கு அதே 35 ஆபத்து. 56 வேண்டிய டயரில் 35 இருந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து விரியும், உள்ளே சூடு ஏறும், கம்பி நூலுக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டு விடும். வெளியே ஒன்றும் தெரியாது. வெடிப்பது இன்னொரு நாள் நடக்கும், காரணம் இன்றைக்கு நடந்ததாக இருக்கும். வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே, அதாவது 56க்கு 45 என்றாலே, பஞ்சரான டயராகக் கருதி நிறுத்துங்கள்.

வண்டியின் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ கம்பெனி கொடுத்த அட்டவணை இருந்தால், அதே அளவு, அதே வகை டயர் இருக்கும்வரை அந்த எண்தான் முதலிடம். மேலே உள்ள கணக்கு அதைச் சரிபார்க்கவும், லோடு மாறும்போது நடுவில் எங்கே நிற்பது என்று தெரியவும். பச்சைத் தேயிலை ஏற்றும் நாளில் படுதா நிறைந்தாலும் எடை கேரட்டில் பாதிகூட வராது. பின்னுக்கு 56 அடித்து வைத்துக்கொண்டு ஓட்டத் தேவையில்லை, சீட்டைப் பார்த்து அதே விகிதக் கணக்கைப் போடுங்கள்.

எப்போது அளப்பது என்பதில் மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்று சுமார் 14.1 பி.எஸ்.ஐ.; ஊட்டியில் 11.2. மேலே ஏறினால் கேஜ் 3 கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் குளிர் அதைத் தின்றுவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் 33 டிகிரியில் 40 அடித்த டயர், ஊட்டியில் விடியற்காலை 10 டிகிரியில் 39 காட்டும். மார்கழி, தை உறைபனி நாளில், பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில், 37க்கு வந்துவிடும். 60 அடித்திருந்தால் 10 டிகிரியிலேயே 57க்குக் கொஞ்சம் மேல்தான் நிற்கும். ஆகவே கீழே அடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காமல், லோடு ஏற்றும் இடத்தில், காலையில் வண்டி நகரும் முன் அளக்க வேண்டும். வண்டி நின்று மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போய் அளப்பதைவிட உங்களுக்கென்று ஒரு கேஜ் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். பொதுக் கடை கேஜ்கள் ஒன்றுக்கொன்று 3, 4 வித்தியாசம் காட்டுவது சாதாரணம்.

இப்போது மண்டியில் காற்றைக் குறைக்கும் விஷயம். ஊட்டியில் 12 டிகிரியில் 56 வைத்த பின் டயர், இறங்கி முடித்ததும் 50 டிகிரி சூட்டில் 62 காட்டும். அதைப் பார்த்து ஏறிவிட்டதே என்று வழியிலேயே காற்றை இறக்கிவிடுவார்கள். செய்யாதீர்கள், லோடோடு இருக்கும்போது சூட்டில் கூடிய காற்று டயருக்கு வேண்டிய காற்றுதான். லோடு இறக்கிய பிறகு குறைக்க வேண்டும் என்றால் கேஜில் 40 வரும்வரை திறந்துவிடக் கூடாது, ஆறியதும் அது 36 ஆகிவிடும். வேண்டிய வித்தியாசத்தை மட்டும் கழியுங்கள்: 56லிருந்து 40க்கு 16; 62ல் 16 போக 46. 46ல் நிறுத்தினால் மறுநாள் காலை ஊட்டியில் 41, 42 காட்டும். சரியான இடம். மறுபடி லோடு ஏற்றும் முன் 56க்கு அடிக்க வேண்டும், இது தினசரி வேலை. தோட்டத்தில் மின்சாரம் இருந்தால் சின்ன கம்ப்ரசர் ஒன்று இதற்குப் போதும். ஒரே நாளில் இரண்டு நடை போகும் வண்டிக்கு நடுவில் குறைத்து ஏற்ற நேரமில்லை என்றால், 56லேயே விட்டுவிட்டு காலியில் ஏறும்போது வேகத்தைக் குறையுங்கள். குறைத்துவிட்டு மறுபடி அடிக்க மறப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நைட்ரஜன் அடித்தால் சூட்டில் அழுத்தம் ஏறாது என்று சொல்வார்கள். ஏறும். சாதாரணக் காற்றும் நைட்ரஜனும் சூட்டுக்கு ஒரே மாதிரிதான் விரியும். ஈரம் இல்லாத காற்று என்ற அளவில் நைட்ரஜனில் சிறு நன்மை உண்டு, காசு கொடுத்து அதற்காகக் கீழே போகத் தேவையில்லை.

வால்வைக் கட்டாயம் மாற்றுங்கள், புது டயரோடு பழைய வால்வு வேண்டாம். கார் டியூப்லெஸ்ஸில் சாதாரணமாகப் போடும் ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைதான். 56 அடித்து இறக்கச் சூட்டில் 62 ஆகும் வண்டியில் அது எல்லையை ஒட்டி நிற்கிறது. நட்டுப் போட்டு இறுக்கும் இரும்பு வால்வைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்க் டியூப்லெஸ்ஸுக்கு உரியதாக இல்லாவிட்டால், அதாவது விளிம்புக்குப் பக்கத்தில் டயரின் உள்விளிம்பான பீடைப் பிடித்து நிறுத்தும் மேடு இல்லாவிட்டால், டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் போடக் கூடாது. காற்று குறைந்த நேரத்தில் வளைவில் பீடு நழுவி மொத்தக் காற்றும் ஒரே நொடியில் போய்விடும்.

லோடு அடுக்கும் முறையும் டயரின் பாரத்தைத் தீர்மானிக்கிறது. மூட்டைகளைக் கேபினை ஒட்டித் தொடங்குங்கள். பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் எடை, முன் ஆக்சிலை மேலே தூக்கும். கீழிருந்து உரமோ சிமெண்டோ ஏற்றி வரும்போது இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஏற்றத்தில் ஏற்கெனவே எடை பின்னால் சாய்ந்திருக்க, கொண்டை ஊசியில் முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் ஒடித்தும் வண்டி நேரே போகப் பார்க்கும். ஒரு பக்கமாக அடுக்கினால் 820 என்று கணக்குப் போட்ட டயர் 900ஐச் சுமக்கும். எடை மேடைச் சீட்டில் அது தெரியாது. சமதளத்தில் நிறுத்திப் பின்னால் நின்று பார்த்தால் பாடி சாய்ந்திருப்பது தெரியும்.

புது டயர் போட்டதும் அலைன்மென்ட், நான்குக்கும் பேலன்சிங். வீல் நட்டை ஏர் கன் போட்டு விட்டுவிடாமல் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் பின் மாற்றுங்கள். தேய்மானத்தைப் படிக்கப் பழகுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் அதிகம். முன் டயரைக் கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் கீறுவதாகவும் இருந்தால் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம், சரியில்லை. அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, டயர் மாற்றி அது தீராது.

ஸ்டெப்னியும் அதே அளவில், அதே வகையில் இருக்க வேண்டும். விட்டம் வேறான ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி மலை ஏறினால் டிபரன்ஷியல் விடாமல் சுற்றிச் சூடாகும். அதில் 60 பி.எஸ்.ஐ. வைத்துவிடுங்கள், முன்னால் மாட்ட வேண்டி வந்தால் குறைத்துக்கொள்ளலாம், காட்டு வழியில் நின்றுகொண்டு கூட்ட முடியாது. அடியில் தொங்குவதால் சேறு அப்பி ஸ்டெப்னி இறக்கும் சங்கிலி துருப்பிடித்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை காற்று பார்க்கும் சாக்கில் அதைக் கீழே இறக்கி, கிரீஸ் போட்டு, மறுபடி ஏற்றி வையுங்கள்.